‘இல்லேன்னா?’ என்று கேட்ட அம்மாள்

சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களைச் சைக்கிளுக்கு மாற்றுவதற்காக ஒரு திட்டம் தீட்டிய மனிதன் உலகத்தில் ஒருவன்தான் இருப்பான். அது நான்தான். காய்ச்சலில் எழுதவில்லை, யாரும் மிரட்டி எழுதவைக்கவும் இல்லை. ஹைதராபாத்தில் ஒரு குளிரூட்டிய அறையில், முழு நினைவோடு, தலைப்புக்கு அடிக்கோடு போட்டு எழுதினேன். மின்சாரச் சிக்கனம் பற்றிய பத்திக்கு வந்தபோது குளிர் தாங்காமல் சால்வை போர்த்திக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்வது கௌரவம்.

ஆனால் இது என் முட்டாள்தனத்தைப் பற்றியதல்ல. அதற்கு இத்தனை பக்கம் போதாது. அந்த முட்டாள்தனத்தை மதிப்பீடு செய்ய வந்த ஓர் அம்மாளைப் பற்றியது.

நாங்கள் இருவரும் வேலை பார்த்தது பசுமைப் பொருளாதாரத்துக்காக உழைக்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்தில். வெளிநாட்டிலிருந்து நிதி வரும், நாங்கள் திட்டம் போடுவோம், திட்டம் நடக்கும், நடந்தது நல்லதா என்று பிறகு நாங்களே மதிப்பிடுவோம். இதில் நடுநிலைமை எங்கே என்று கேட்பீர்கள். திட்டப் பிரிவு இரண்டாவது மாடியில் இருந்தது, மதிப்பீட்டுப் பிரிவு முதல் மாடியில். நடுவிலிருந்த படிக்கட்டுதான் எங்கள் நடுநிலைமை.

நான் இரண்டாவது மாடி. எதிர்காலத்தைப் பற்றித் துணிந்து பொய் சொல்வது எங்கள் தொழில். அதற்குத் தொலைநோக்கு என்று பெயர். அந்த அம்மாள் முதல் மாடி. ஐம்பதைத் தாண்டியவர். கஞ்சி போட்ட பருத்திப் புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். வெயிலோ மழையோ, கையில் ஆண்கள் வைத்திருக்கும் பெரிய கறுப்புக் குடை. பிறந்ததே ஹைதராபாத்தின் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். தாத்தா ஜோலார்பேட்டையிலிருந்து ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர வந்தவர். அதனால் அவர் தமிழில் ஆற்காட்டு வாசனையும் தக்கனி உருதுவும் சண்டையில்லாமல் ஒரே வீட்டில் குடியிருந்தன. ‘வேண்டாம்’ என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. ‘நக்கோ’தான்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. ‘இல்லேன்னா?’ விரித்துச் சொன்னால், ‘இது நடக்கலேன்னா என்னா ஆயிருக்கும்?’ மதிப்பீட்டுத் துறையில் எல்லோரும் படிக்கிற பாடம்தான் அது. ஒரு திட்டத்தால் என்ன நன்மை என்று தெரிய வேண்டுமானால், அந்தத் திட்டம் இல்லாமலே என்ன நடந்திருக்கும் என்று பார்க்க வேண்டும். மற்றவர்கள் இதைப் படித்துப் பரீட்சை எழுதிவிட்டு மறந்துபோனார்கள். அந்த அம்மாளுக்கு மட்டும் அது உடம்பில் ஒட்டிக்கொண்டது, சிலருக்கு விக்கல் நிற்காமல் வருவதுபோல.

கேள்விகூடப் பரவாயில்லை. கேட்ட பிறகு வரும் மௌனம்தான் கொடுமை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, சுவருக்கு அந்தப் பக்கம் எலி ஓடுகிறதா என்று கேட்பவர்போல நிற்பார். அந்த மௌனத்தை நிரப்பப் போய் மனிதர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

எங்கள் நிர்வாகி ஒருவருக்கு வழியனுப்பு விழா நடந்தது. ‘இவர் இல்லாவிட்டால் இந்த நிறுவனமே இல்லை’ என்று இயக்குநர் தழுதழுத்தார். கடைசி வரிசையில் ஒரு தலை சாய்ந்தது. அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை. இருந்தாலும் இயக்குநர் தானாகவே, ‘அதாவது, ஓரளவுக்கு’ என்று சேர்த்துக்கொண்டார். சால்வை போர்த்தும்போதுகூட அந்த ‘ஓரளவு’ மேடையில் நின்றுகொண்டிருந்தது.

என் மகள் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியதற்கு இனிப்பு கொடுக்க மல்காஜ்கிரியில் அவர் வீட்டுக்குக் குடும்பத்தோடு போனோம். ட்யூஷன் வாத்தியாரின் மகிமையை என் மனைவி விவரித்தாள். அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் மகளைப் பார்த்து, ட்யூஷன் போகலேன்னா மார்க் கொறைஞ்சிருக்குமா கண்ணு என்றார். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வது என் மகளின் வழக்கம்.

“லேது ஆன்ட்டி. அக்கட நேனு நித்ர போதானு.”

இல்லை ஆன்ட்டி, அங்கே நான் தூங்குவேன். என் மனைவியின் கையில் இருந்த மைசூர்பாகு பாதி வழியில் நின்றது. மறுவாரம் ட்யூஷன் நின்றது. மதிப்பெண் அப்படியேதான் இருந்தது. வாத்தியார் மட்டும் என்னைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இதையெல்லாம் வைத்து அவரைக் குற்றம் கண்டுபிடிக்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம், குகட்பள்ளிக்குப் போகிறவரை. அங்கே ஹவுசிங் போர்டு காலனி ஒன்றில் காய்கறிக் கழிவை உரமாக்குவதற்காக வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் டிரம் கொடுத்திருந்தோம். ஒரு வீட்டில் அம்மாள் மூடியைத் திறந்தார். உள்ளே கழுத்துவரை அரிசி. காற்று போக நாங்கள் செலவு செய்து போட்டிருந்த ஓட்டைகளையெல்லாம் அந்த வீட்டுப் பெண்மணி மெழுகு வைத்து நேர்த்தியாக அடைத்திருந்தார். ரொம்ப நல்ல டிரம் மேடம், எலியே வருவதில்லை என்று தெலுங்கில் நன்றி சொன்னார்.

என்னோடு வந்த திட்டக்காரர் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். ஆனால் அம்மாள் அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இந்த டிரம் இல்லேன்னா அரிசியை எதில் வைத்திருப்பீர்கள், எலி எவ்வளவு தின்றிருக்கும் என்று அக்கறையாக விசாரித்தார். அறிக்கையில் இப்படி எழுதினார்: ‘உரம் உண்டாகவில்லை. அரிசி வீணாவது நின்றது. பயன் உண்டு, நாம் நினைத்த பயன் அல்ல.’ திட்டத்தால் நடந்ததை ஒரு குண்டுமணிகூடக் குறைக்கமாட்டார். நடக்காததை ஒரு குண்டுமணிகூடச் சேர்க்கமாட்டார். இப்படிப்பட்டவரோடு பழகுவது எளிது. இப்படிப்பட்டவர் உங்கள் திட்டத்தை மதிப்பிட வருவதுதான் கஷ்டம்.

அவர் அந்தக் கேள்வியைக் கேட்க மறுத்ததும் ஒரு தடவை நடந்தது. என் அப்பா மன்னார்குடியில் இறந்துபோய், காரியம் முடிந்து நான் திரும்பி வந்திருந்தேன். கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தார். துக்கம் கேட்கவில்லை, தன் டப்பாவிலிருந்து புளியோதரையில் பாதியை என் தட்டில் தள்ளினார். நானாகத்தான் ஆரம்பித்தேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் பதிலாகத் திருச்சிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். இவர்தானே இந்தக் கேள்விக்கு நிபுணர்.

அவர் தலையைச் சாய்க்கவில்லை.

“அதைக் கணக்கு போட ரெண்டு அப்பா வேணும் தம்பி. ஒருத்தரை இங்க, ஒருத்தரை அங்க அனுப்பிப் பாக்கணும். உங்களுக்கு ஒருத்தர்தான இருந்தாரு. விடுங்க.”

பிறகு ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டார். அப்பா படுக்கையில் விழுந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு, அன்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இப்போது சைக்கிளுக்கு வருகிறேன்.

லாலாகுடா ஒர்க்‌ஷாப் தொழிலாளர்கள் புகை கக்கும் வண்டிகளை விட்டுவிட்டு பேட்டரி சைக்கிளில் வேலைக்கு வர வேண்டும். இதுதான் என் திட்டம். எந்தத் திட்டத்துக்கும் பேஸ்லைன் என்று ஒன்று வேண்டும். அதாவது, நாம் கை வைப்பதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதன் பதிவு. அதை எடுக்க லாலாகுடாவுக்குப் போயிருக்க வேண்டும். மறுநாள் கடைசித் தேதி, வெயில் வேறு. நான் ஜன்னல் திரையை விலக்கி எங்கள் அலுவலகத்தின் வண்டி நிறுத்தத்தைப் பார்த்தேன். கார், பைக், ஸ்கூட்டர். ‘தொழிலாளர்கள் பெரும்பாலும் மோட்டார் வாகனங்களையே நம்பியுள்ளனர்’ என்று எழுதினேன். மனிதர்கள் எங்கும் மனிதர்கள்தானே என்ற பரந்த மனப்பான்மைதான் காரணம்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பழைய வண்டியைத் தொழிலாளர்கள் வீட்டில் வைத்துக்கொண்டே புதியதையும் வாங்கிவிடுவார்களே என்று ஒரு சந்தேகம் வந்தது. அந்த ஓட்டையை அடைக்க ஒரு விதி சேர்த்தேன்: பழைய வண்டியை ஒப்படைத்தால்தான் பேட்டரி சைக்கிள். ஒப்படைத்தது காயலான் கடைக்குப் போய்விடும். இந்த விதியை இயக்குநர் ‘சாணக்கியம்’ என்று பாராட்டினார்.

திட்டம் ஓடியது. மாத அறிக்கையில் ‘சாலையிலிருந்து அகற்றப்பட்ட பழைய வாகனங்கள்’ என்ற கட்டத்தில் எண்ணிக்கை மாதாமாதம் ஏறியது. நிதி கொடுத்தவர்கள் பூரித்துப்போய், நகரம் முழுவதற்குமான இரண்டாம் கட்டம் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். என் பதவி அந்த இரண்டாம் கட்டத்தின் பட்ஜெட்டில்தான் இருந்தது. அது வந்தால் நாற்காலி. வராவிட்டால், நாற்பதைத் தாண்டிய வயதில், பத்தாம் வகுப்புக்குப் போகும் மகளோடு, புதிதாக ஒரு தொலைநோக்கைத் தேட வேண்டும். நடுவில் ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி: மதிப்பீடு. முதல் மாடியிலிருந்து அந்த அம்மாளை அனுப்பினார்கள். வழிகாட்ட நான் கூடப் போனேன். பிறந்த ஊருக்கு அவருக்கு வழிகாட்ட.

காலை ஷிஃப்ட்டுக்குச் சங்கு ஊதுவதற்கு முன்பே ஒர்க்‌ஷாப் கேட்டுக்கு எதிரே குடையோடு நின்றுவிட்டார். நடந்து வந்தார்கள், பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள், பேட்டரி சைக்கிளில் வந்தார்கள். கடைசி வகையைக் கண்டதும் எனக்கு நெஞ்சு விம்மியது. ஒரு ஃபிட்டரை அம்மாள் கை காட்டி நிறுத்தினார். குவார்ட்டர்ஸ்காரர், தமிழர், மீசையில் பாதி நரைத்தவர். அம்மாள் யார் வீட்டுப் பெண் என்று தெரிந்ததும் ‘மேடம்’ போய் ‘அக்கா’ வந்தது.

வண்டி நல்லா இருக்கா என்று கேட்டார். நல்லா இருக்குக்கா, சார்ஜ் போட்டா ஓடும், போடலேன்னா எருமைதான் என்றார் ஃபிட்டர். மிதிக்க முடியாதாம், அவ்வளவு கனம்.

“இது வரலேன்னா எதுல வந்திருப்ப?”

“சைக்கிள்லதான்.”

“இதுக்கு முன்னாடி?”

“சைக்கிள்தான்க்கா.”

“மத்தவங்கல்லாம்?”

“ஹவ், எல்லாமே சைக்கிள்தான். எங்கப்பாவும் சைக்கிள், உங்கப்பாவும் சைக்கிள். கைக்கு கேக்குறீங்க, உங்களுக்குத் தெரியாததா?” தக்கனியில் ‘ஹவ்’ என்றால் ஆமாம், ‘கைக்கு’ என்றால் எதுக்கு.

அம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். தலை மெல்லச் சாயத் தொடங்கியது. நான் அவசரமாக, அப்படியானால் திட்டத்தில் ஒப்படைத்த பழைய வண்டி என்ன வண்டி என்று ஃபிட்டரைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“என் சைக்கிளைத்தான் சார் குடுத்தேன். பழைய வண்டி குடுத்தாத்தான் இது தருவேன்னீங்களே. எங்கிட்ட வேற ஏது வண்டி?”

ஆக, என் கட்டத்தில் மாதாமாதம் ஏறிய எண்ணிக்கை முழுக்க சைக்கிள்கள். பசுமைப் பொருளாதாரத்தை வளர்க்க வந்த நான், லாலாகுடாவின் சைக்கிள்களை ஒன்றுவிடாமல் பிடுங்கிக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு, ஒரு துளி மின்சாரம்கூடத் தின்னாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்களை மின்சாரத்துக்கு மாற்றியிருக்கிறேன். பேட்டரி நின்றுபோன சிலர் மகனின் மோட்டார் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருகிறார்கள் என்பதையும் ஃபிட்டர் சொல்லிவிட்டு, சங்கு ஊதியதால் உள்ளே போனார்.

பக்கத்தில் ஓர் இரானி ஓட்டலில் உட்கார்ந்தோம். அம்மாள் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். நான் என் மொழித் திறமையெல்லாம் திரட்டி, கொஞ்சம் மென்மையாக எழுதலாமே என்று ஆரம்பித்தேன். ‘தொழிலாளர்கள் சைக்கிளில் வருகிறார்கள்’ என்று எழுதினால் அதில் பொய் எதுவும் இல்லையே என்றேன்.

“ரெண்டாம் கட்டம் வரலேன்னா உங்களுக்கு என்னா ஆகும் தம்பி?” என்றார்.

வேலை போகும் என்றேன். வீட்டு வாடகை, மகளின் பள்ளி, எல்லாம் சொன்னேன். திட்டத்தின் பயனாளியைக் கேட்பதுபோல அவ்வளவு கவனமாகக் கேட்டார். வேறு வேலை கிடைக்காதா என்றார். எனக்கு எழுத மட்டும்தான் தெரியும் மேடம் என்றேன்.

“அது தெரியும்னு யாரு சொன்னா?”

கேலியாகக் கேட்டதாகத் தெரியவில்லை. தகவலுக்காகத்தான் கேட்டார்.

அறிக்கை தயாரானதும் மாடிகளுக்கு நடுவே படிக்கட்டு அதிர்ந்தது. மக்கள் சைக்கிளை ஏற்றுக்கொண்டார்கள் என்ற ஒரு வரியையாவது சேர்க்கும்படி இயக்குநர் முதல் மாடிக்கே இறங்கி வந்து கேட்டார். நக்கோ சார் என்றார் அம்மாள். “சைக்கிளை ஏத்துக்கிட்டது இவங்க இல்ல. இவங்க தாத்தா.”

நிதி கொடுக்கும் அமைப்பிலிருந்து வந்த அதிகாரி, நெடிய வெள்ளைக்காரர், கூட்டத்தில் அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ‘எதிர்பாராத விளைவுகள்’ என்ற அத்தியாயத்தில் நின்றார். அதன் முதல் பத்தி காயலான் கடை. இரண்டாவது பத்தி நான். அதை அவர் வாய்விட்டே படித்தார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்: ‘இரண்டாம் கட்டம் நின்றால் பாதிக்கப்படக்கூடியவர்: திட்டத்தை எழுதியவர் ஒருவர். குடும்பஸ்தர். பிற தொழில் தெரியாது. களத்துக்கு அழைத்துப்போனால் சரியான கேள்வியைக் கேட்கும் திறன் உண்டு; தாமதமாக.’

எந்தத் திட்டத்திலும் இப்படி ஒரு பத்தியை நான் பார்த்ததில்லை. என் சம்பளத்துக்காகப் பொய் சொல்லமாட்டார். ஆனால் என் சம்பளம் போகும் என்ற உண்மையை மறைக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. டிரம்மில் இருந்த அரிசியை எழுதியதுபோல என்னையும் எழுதியிருந்தார்.

வெள்ளைக்காரர் நிமிர்ந்து, இது யார் என்றார். கை தூக்கினேன். மறுபடி செய்யச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்றார். என் நாக்கின் நுனியில் ‘ஒருங்கிணைந்த’ என்று ஆரம்பிக்கும் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. எதிரே அம்மாளின் தலை சாய்ந்திருந்தது. முதலில் ஒர்க்‌ஷாப் கேட்டுக்குப் போவேன், பிறகுதான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். அந்த அறையில் நான் சொன்னவற்றில் விளக்கப்படம் தேவைப்படாத ஒரே வாக்கியம் அது.

நகரம் முழுவதற்குமான இரண்டாம் கட்டம் அங்கேயே செத்தது. அதற்குப் பதிலாக ஒரு சின்ன இரண்டாம் கட்டம் கிடைத்தது: சைக்கிளைக் கொடுத்தவர்களுக்குச் சைக்கிளைத் திருப்பிக் கொடுப்பது, கேட்டுக்கு எதிரே சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரை போடுவது, பஞ்சர் ஒட்ட ஓர் ஆள். அதை நடத்த நான், பாதி நேர வேலையாக. சைக்கிளைப் பிடுங்கி, பிறகு சைக்கிளையே கொடுப்பதற்கு எங்கள் இயக்குநர் ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்று பெயர் வைத்தார். அவரை யாராலும் வீழ்த்த முடியாது.

அதற்குள் அம்மாள் ஓய்வு பெற்றுவிட்டார். வழியனுப்பும் கூட்டத்தில், அனுபவஸ்தர்கள் எல்லோரும் எச்சரிக்கையாகவே பேசினார்கள். நான் மட்டும், நீங்கள் இந்த வேலைக்கு வந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அவரையே கேட்டுவிட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். நாங்கள் எல்லோரும் தலையைச் சாய்த்துக் காத்திருந்தோம்.

“டீச்சர் ஆயிருப்பேன். பசங்க பாவம்.”

பிறகு விசாகப்பட்டினத்துக்கு, தங்கை வீட்டோடு போய்விட்டார். அவர் ஊரைவிட்டுப் போகிற வாரத்தில்தான் சைக்கிள் திருப்பிக் கொடுக்கும் விழா. ஒர்க்‌ஷாப் கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு, ரிப்பன் கட்டிய புது சைக்கிள்களை வரிசையாக நிறுத்தியிருந்தோம். அம்மாள் பின்னால், குடையின் கீழ் நின்றிருந்தார். நான் மைக்கைப் பிடித்து, தவறிலிருந்து கற்பது, மக்களுக்குச் செவி சாய்ப்பது, பசுமையான நாளை என்று நாலு வார்த்தை பேசினேன். நன்றாகவே பேசினேன் என்றுதான் நினைக்கிறேன், கைதட்டினார்கள். முதல் சைக்கிளை அந்த ஃபிட்டருக்கே கொடுத்தேன். போட்டோ எடுத்தார்கள்.

போட்டோக்காரர் நகர்ந்ததும் ஃபிட்டர் சைக்கிளைச் சுற்றி வந்தார். மணியை ஒருமுறை அடித்தார். சீட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். செயினைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் குனிந்து, மைக்கில் விழாதபடி, என் மனம் நோகாதபடி, மெல்லக் கேட்டார்:

“என் பழைய வண்டி இருந்தா அதையே குடுத்துடுங்களேன் சார்.”